இடது கைக்காக மாற்றிய வண்டி

இன்று காலை வண்டிக் கொட்டகையைக் கூட்டப் போனேன். பலகை மேலிருந்த உங்கள் பாலிஷ் டப்பா கைபட்டுக் கீழே விழுந்து மூடி திறந்துகொண்டது. உள்ளே இருந்தது காய்ந்து வெடித்துப் போயிருந்தது. ஆனால் வாசம் அப்படியே இருக்கிறது. மெழுகும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி, ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பனியனிலும் விரல் இடுக்கிலும் வீசுமே, அந்த வாசம். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களிடம் பேசி வெகுநாளாகிவிட்டது. வாய்விட்டுப் பேசினால் அக்கம்பக்கத்தில் பயந்துபோவார்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சவூதியை விட்டு ஒரேயடியாக வந்து இறங்கியபோது ஊரில் ஆளுக்கொன்று பேசினார்கள். ஆவுடையார்கோவில் கடைத்தெருவில் கடை போடப்போகிறீர்கள் என்றார்கள். கறம்பக்குடிப் பக்கம் தென்னந்தோப்பு பார்க்கிறீர்கள் என்றும் சொன்னார்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் பாலைவனத்து ரோட்டில் ட்ரெய்லர் ஓட்டுவதும், நான் இங்கே அஞ்சலகத்தில் முத்திரை குத்துவதுமாகவே நம் காலம் போயிருந்தது. லீவுக்கு விருந்தாளி மாதிரி வருவீர்கள், விருந்தாளி மாதிரியே போவீர்கள். இனிமேல் போகமாட்டேன் என்று நீங்கள் சொன்னபோது, ஏன் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. வந்துவிட்டீர்கள், அது போதும் என்றிருந்தது.

அந்த வாரமே ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தீர்கள்.

"ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"குரூசர் வண்டி ஒண்ணு எடுக்கணும் புள்ள."

குரூசர் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. போனில் படம் காட்டினீர்கள். தாழ்ந்த இருக்கை, முன்னால் தள்ளி நிற்கும் சக்கரம், ஆளைப் பார்த்துப் பின்னால் வளைந்து வரும் ஹேண்டில்பார். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி காலை முன்னால் நீட்டிக்கொண்டு ஓட்ட வேண்டுமாம். "இதுல போறவனுக்கு அவசரமே வராது" என்றீர்கள். தலை நரைக்கத் தொடங்கிய மனிதருக்கு இப்படி ஓர் ஆசையா என்று நான் சிரிக்கத்தான் செய்தேன்.

புதுக்கோட்டை ஷோரூமுக்கு உங்கள் தம்பி செல்வமும் கூட வந்தார். நம் மகள் தேனு சென்னையில் வேலையிலிருந்தபடியே வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டீர்கள். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. முன்சக்கரத்துப் பழம் நசுங்காமல் நழுவி, சரிவில் உருண்டு, ரோட்டோரச் சாக்கடைக்குள் போய் விழுந்தது.

"புது கிளட்ச் சார், டைட்டா இருக்கும்" என்று சொல்லி ஷோரூம்காரர் வேறு பழம் வைத்தார். செல்வத்தின் முகம் மாறிவிட்டது. "பழம் நசுங்கலையே அண்ணி" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்றேன். மணல்காற்றில் ட்ரெய்லர் ஓட்டிய ஆள் ஒரு மோட்டார் சைக்கிளை நகர்த்த முடியாமல் நிறுத்திவிட்டாரே என்று எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. இடது கையை விரித்து மடக்கி, விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடுத்து வந்த மாதங்கள் நல்ல மாதங்கள். அதை மறைக்க மாட்டேன். அறந்தாங்கியில் பட்டறை வைத்திருக்கும் ஜாபர் உங்களோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவரும் நீங்களும் சேர்ந்துகொண்டு அந்த வண்டியைப் பிரித்து மேய்ந்தீர்கள். பெட்ரோல் டாங்கியைக் கரும்பச்சையாக்கினீர்கள். பஸ் சீட் தைக்கிறவரைப் பிடித்து இருக்கைக்குப் பழுப்புத் தோல் தைக்க வைத்தீர்கள். இரண்டு பக்கமும் தோல்பை தொங்கியது. எனக்காகப் பின்னால் சாய்மானம் ஒன்று வைத்து, "நீ தூங்கிக்கிட்டே வரலாம்" என்றீர்கள். சாயங்காலம் வேலை முடிந்து நான் வெளியே வந்தால், அஞ்சலக வாசல் வேப்பமரத்தடியில் அந்த வண்டி நிற்கும். அதன் மேல் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்.

இவ்வளவு மாற்றினால் கம்பெனிக்காரன் செய்ததில் என்ன மிஞ்சும் என்று கேட்டேன். "கம்பெனிக்காரன் எல்லாருக்கும் சேத்து ஒரே வண்டியா செய்றான். நம்ம ஒடம்புக்குத் தகுந்தாப்ல நாமதான் ஆக்கிக்கிடணும்" என்று சொன்னீர்கள். அந்தச் சொல் அன்று எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் வண்டி விழுந்தது கட்டுமாவடியில்தான். மீன் வாங்கலாம் என்று நாகுடி வழியாகப் போனோம். உப்புக்காற்று முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் கருவேலங்காடு. நான் சாய்மானத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டுகூட வந்தேன். மீன் ஏலம் போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திக் காலை ஊன்றினீர்கள். நின்ற வண்டி, ஆடாமல் அசையாமல், மெதுவாக இடது பக்கமாகச் சாய்ந்தது. நீங்கள் பிடிக்கப் பார்த்தீர்கள். முடியவில்லை. என்னையும் சேர்த்துக்கொண்டு மணலில் படுத்துவிட்டது.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். அடி ஒன்றுமில்லை. பெரியவர் ஒருவர் உங்கள் தோளைத் தட்டி, "ஓடுற வண்டி விழுறது சகஜம் தம்பி. நிக்கிற வண்டி விழலாமா" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நீங்கள், "வெயிட்டு ஜாஸ்திங்க" என்றீர்கள். அன்று வாங்கிய மீனை நீங்கள் சாப்பிடவில்லை.

அதன் பிறகு பட்டறைக்குப் போவது அதிகமானது. இடது கையால் பிடிக்கிற கிளட்ச் கல்லாக இருக்கிறது என்றீர்கள். ஜாபர் ஒயரை மாற்றினார். அப்போதும் கல்தான். பிடியை மாற்றினார். கைக்கு இன்னும் பக்கமாக வருகிற பிடி ஒன்றை எங்கிருந்தோ வரவழைத்துப் போட்டார். ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி கல்லாகிவிடும். ஹேண்டில்பார் தூரமாக இருக்கிறது என்று சொல்லி உங்கள் பக்கம் இழுத்து வைத்தீர்கள். கியர் போடும்போது கால் வழுக்குகிறது என்று, குதிகாலாலும் மிதிக்கிற மாதிரி கியர்க் கம்பியை மாற்றினீர்கள். இருக்கையைக் குறைத்தீர்கள், இன்னும் குறைத்தீர்கள்.

நான் கூட வந்திருந்த ஒருநாள் ஜாபர் வண்டியை எடுத்துக்கொண்டு பெரிய கடைவீதி வரை போய்விட்டு வந்தார். இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டில ஒண்ணுமில்ல மாப்ளே. வெண்ணெ மாதிரி போகுது" என்றார்.

"ஒனக்கு அப்படி இருக்கும். பட்டறைக்காரன் கை."

"அதுக்கில்ல..."

"கழட்டுடா. திரும்பப் பாரு."

ஜாபர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும். நான் ஓட்டுவது ஸ்கூட்டி. அதில் கிளட்ச் என்று ஒன்றே கிடையாது.

செல்வத்துக்குக் காரணம் முதலிலேயே தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்தார். வண்டிக்கு ராசி இல்லை என்பது அவர் கட்சி. எங்கோ போய் மந்திரித்த கறுப்புக் கயிறு கொண்டுவந்து ஹேண்டில்பாரில் கட்டினார். மிளகாயும் எலுமிச்சையும் கோத்துத் தொங்கவிட்டார். நீங்கள் மாடிப்படியில் தடுக்கி விழுந்த அன்று, கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, "இது வீட்டுக்கு வந்ததுலேர்ந்துதான் அண்ணி" என்று வண்டியைப் பார்த்தபடி சொன்னார். நான் அவரைக் கடிந்துகொண்டேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த வண்டியைப் பார்க்க எனக்கும் பயம் வரத் தொடங்கியிருந்தது. துணி உலர்த்தப் போகும்போது கொட்டகைப் பக்கம் முதுகைக் காட்டாமல் போவேன். அந்தப் பெரிய விளக்கு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

உங்கள் காலிலிருந்து இடது செருப்பு கழன்று கழன்று விழுந்தது. நடந்து போவீர்கள், செருப்பு பின்னால் கிடக்கும், அது தெரியாமலே நான்கு எட்டு போயிருப்பீர்கள். புதுச் செருப்பு வாங்கினோம். அதுவும் விழுந்தது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறிய நேரம். நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். வண்டியைத் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தீர்கள். அதுவே புதிது, மற்றவர் கையை அதன் மேல் விடவே மாட்டீர்கள். துடைத்துக்கொண்டே வந்தவள், இவ்வளவு பாடுபடுத்துகிற கிளட்ச் எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க நினைத்தேன். இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். கல்லு, கல்லு என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு என் பலத்தையெல்லாம் கூட்டிப் பிடியை அழுத்தினேன். அது சட்டென்று உள்ளே வந்து கைப்பிடியில் மோதியது. நான் ஏதோ உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். விட்டுவிட்டு மறுபடி பிடித்தேன். பிறகு இரண்டே விரலால் பிடித்தேன். அப்போதும் வந்தது.

வண்டியில் ஒன்றுமில்லை என்று ஜாபர் சொல்லிக்கொண்டே இருந்தது அப்போதுதான் என் காதில் விழுந்தது. தாழ்த்திய இருக்கை, இழுத்து வைத்த ஹேண்டில்பார், மாற்றிய கியர்க் கம்பி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஆசைக்காகச் செய்தது எங்கே முடிந்தது, வேறொன்று எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை.

நீங்கள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தீர்கள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"இங்க வாங்க. கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க."

இரண்டு கையையும் நீட்டினீர்கள். இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சதை இல்லை. கரண்டியால் வழித்தெடுத்த மாதிரி குழிந்திருந்தது. சட்டை போடாத உங்கள் தோளில், தோலுக்கு அடியில், ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. கொதிக்கிற கஞ்சியின் ஆடை அசைவது போல, இங்கே அடங்கினால் அங்கே, அங்கே அடங்கினால் இங்கே. நீங்கள் அசையாமல் நின்றீர்கள். அது அசைந்தது.

"எத்தன நாளா இப்படி?"

கொட்டகைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னீர்கள். "அங்கிட்டு இருக்கும்போதே ஆரம்பிச்சிருச்சு புள்ள. சட்டப் பட்டன் போட வரல. வேல செஞ்சு செஞ்சு கை தேஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். ஒருநா ஸ்டியரிங்லேர்ந்து கை நழுவிருச்சு. முன்னாடி ஒரு காரு, புள்ள குட்டியோட போறான். மயிரிழைல தப்பிச்சான். அன்னிக்கே கிளம்பிட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க இந்த வண்டி?"

"கை இருக்குறப்பவே ஓட்டிப் பாத்துரணும்ல."

கடைக்குப் போகும்முன் பை எடுத்துக்கொண்டாயா என்று கேட்பதைப் போல இதைச் சாதாரணமாகச் சொன்னீர்கள். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உங்கள் கையைப் பிடித்து அந்தக் குழியில் என் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன், அது நிரம்பிவிடும் என்பதைப் போல.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்கு முன்பே நீங்கள் எனக்குத் தெரியாமல் அறந்தாங்கியில் இரண்டு பேரிடம் காட்டியிருந்தீர்கள். ஒருவர் கழுத்தெலும்பு தேய்மானம் என்றாராம், மற்றவர் சர்க்கரை என்றாராம். மதுரையில் ஊசியைக் குத்தி நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். கையில் குத்தினார்கள், காலில் குத்தினார்கள், கடைசியாக நாக்கில் குத்தினார்கள். நாக்கில் எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

டாக்டர் வயதில் சின்னவர், பொறுமையானவர். "தசைக்குப் போற நரம்பு கொஞ்சங்கொஞ்சமா செத்துக்கிட்டு வருது. நரம்பு போனா தசை தானா கரைஞ்சிரும். புத்தி, ஞாபகம், கண்ணு, காது எதுக்கும் ஒண்ணும் ஆகாது. நிறுத்துறதுக்கு மருந்து இல்லீங்க" என்றார்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். "வண்டி ஓட்டலாங்களா?"

"இன்னியோட நிறுத்திருங்க."

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தீர்கள். ரோட்டில் அடுத்தவன் உயிரோடு விளையாடக் கூடாது என்பதில் நீங்கள் எப்போதும் கண்டிப்பானவர். அதன் பிறகு ஒருநாள்கூடச் சாவியைக் கேட்கவில்லை.

விஷயம் தெரிந்ததும் செல்வம் மினி லாரி ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இதக் கொண்டுபோய்க் கண்ணு காணாத எடத்துல தள்ளிட்டு வாரேன் அண்ணி. இது வெளிய போனாலே அண்ணன் எந்திரிச்சு நடப்பாரு" என்று மூச்சு வாங்கப் பேசினார். நீங்கள் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தீர்கள்.

"செல்வம். வண்டி என்னடா பண்ணுச்சு? வீட்ல ஒருத்தருக்கும் தெரியாதப்ப அது ஒண்ணுதான்டா எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

செல்வம் தான் கட்டிய கறுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது உங்கள் அப்பா இறந்தபோதுதான். அன்று மறுபடி பார்த்தேன். லாரிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நோய் அவசரப்பட்டது. வலது கைக்கும் போனது. தேனு வந்தாள், அழுதாள், வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு பாதி நாள் இங்கும் பாதி நாள் அங்குமாக இருந்தாள். உங்களைப் பிடித்து நடத்துவதற்கு ஆள் வேண்டியிருந்தது. ஒருநாள் வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தோம். கொட்டகையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "டாக்டரு ஓட்டத்தான கூடாதுன்னாரு. உக்காரக் கூடாதுன்னு சொல்லலையே" என்றீர்கள். அப்போதே உங்கள் பேச்சு கொழகொழக்கத் தொடங்கியிருந்தது. நாக்கில் ஏன் குத்தினார்கள் என்று எனக்குப் புரிந்திருந்தது.

"யாரு ஓட்டுவாங்களாம்?"

"நீதான்."

ஜாபர் முதலில் முடியாது என்றார். பிறகு ஒரு மாதத்துக்கு வேறு வேலையே எடுக்காமல், வண்டியின் இடது பக்கம் ஒட்டி ஒற்றைச் சக்கரத்தில் ஓர் ஆள் உட்காருகிற சைடு கார் ஒன்றைச் செய்தார். தகரத் தொட்டி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். படகின் முன்பக்கம் போலக் கூர்ந்து, அதே கரும்பச்சையில், உள்ளே தலையைத் தாங்குகிற மெத்தை வைத்து, இடுப்புக்கும் மார்புக்கும் வார் வைத்துச் செய்திருந்தார். ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றின பிறகுதான் ரோட்டில் இறக்க வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். அந்த அலைச்சலையெல்லாம் செல்வம்தான் பார்த்தார். வண்டியை விரட்ட லாரி கொண்டுவந்தவர், பிறகு தினமும் வந்து உங்களைக் குழந்தை மாதிரித் தூக்கி அதற்குள் உட்கார வைத்தார்.

நான் ஓட்டப் பழகியது ஏரிக்கரைப் பொட்டலில். சைடு காரில் மணல் மூட்டையை வைத்துக்கொண்டு ஓட்டினேன். மூன்று சக்கரம் ஆனதும் அது மோட்டார் சைக்கிளே இல்லை, வேறொரு மிருகம். வேகம் கூட்டினால் ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் மறுபக்கம் இழுக்கும். இடது பக்கம் திருப்பினால் தொட்டி மேலே எழும்பப் பார்க்கும். நாற்காலியில் இருந்தபடி நீங்கள் கத்துவீர்கள். என்ன கத்துகிறீர்கள் என்று எனக்குப் பாதி விளங்காது. "பார்வ... தூரத்துல..." என்பது மட்டும் விளங்கும். பக்கத்தில் இருக்கிற பள்ளத்தைப் பார்க்காதே, தூரத்தில் பார் என்று அர்த்தம். தூரத்தில் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

நம் இரண்டு பேருடைய ஓட்டங்களை நான் சந்தோஷம் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் போன தடவை இருந்த ஏதோ ஒன்று இல்லாமல் போயிருக்கும். ஒரு தடவை எதிரே வந்தவருக்குக் கை காட்டினீர்கள். அடுத்த தடவை தலையை மட்டும் ஆட்டினீர்கள். அதற்கடுத்த தடவை தலையையும் வாரால் கட்ட வேண்டியிருந்தது. ஆனாலும் காற்று முகத்தில் பட்டதும் உங்கள் முகம் தளர்ந்து லேசாகிவிடும். கோயில் தெருவைச் சுற்றிக்கொண்டு மெதுவாக வருவோம். ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை, சாமி ஊர்வலத்துக்குக் கும்பிடுவது போல் இல்லை, சவ ஊர்வலத்துக்குக் கும்பிடுவது போல் இருந்தது.

கடைசியாகக் கடலுக்குப் போக வேண்டும் என்றீர்கள். சொல்ல முடியவில்லை, கண்ணால் கிழக்கைக் காட்டினீர்கள். ஜாபர் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார். கட்டுமாவடியில் படகுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். வண்டி சாயவில்லை, மூன்று சக்கரத்தில் உறுதியாக நின்றது. நீங்கள் அதைக் கவனித்தீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

வரும் வழியில் டீக்கடையைக் கண்டதும் டீ வேண்டும் என்று கண்ணால் சாடை காட்டினீர்கள். ஆற வைத்துக் கரண்டியில்தான் கொடுத்தேன். இரண்டாவது வாயில் புரையேறிவிட்டது. இருமக்கூட நெஞ்சில் பலம் இல்லை. சத்தமே இல்லாமல் உங்கள் உதடு நீலம் பூத்தது. வாரை அவிழ்க்க என் விரல்கள் தடுமாறின. ஜாபர் பாய்ந்து வந்து அவிழ்த்து உங்களை முன்னால் கவிழ்த்து முதுகில் தட்டினார். டீக்கடையில் பேச்சு நின்றுபோனது, அடுப்பில் பால் பொங்கி வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மூச்சு வந்தது. உங்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைக்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னீர்கள்.

அதன் பிறகு வாய் வழியாக உங்களுக்கு எதுவும் கொடுக்கவில்லை, குழாய் வழியாகத்தான். மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டியது. ஒரு காலையில் உங்கள் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். தேனு உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்ததற்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.

வருஷ தெவசத்துக்கு வந்த தேனு, வண்டியைத் தனக்குக் கொடுக்கச் சொன்னாள். செல்வம் என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். உங்கள் மகள், உங்கள் வண்டி, நான் எப்படி மறுப்பேன். ஜாபர் சைடு காரைக் கழற்றித் தன் பட்டறையின் உள்பக்கம் துணி போர்த்தி வைத்துக்கொண்டார். இருக்கையை உயர்த்தி, ஹேண்டில்பாரைத் தள்ளி, தேனுவின் உடம்புக்குத் தகுந்த மாதிரி ஆக்கிக் கொடுத்தார். அவள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கிளம்பியபோது பின்னாலிருந்து பார்த்தேன். உங்களைப் போலத்தான் தோளைச் சற்று இறக்கி உட்காருகிறாள்.

உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மதுரையில் நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது நான் மருந்துச் சீட்டு வாங்கத் திரும்ப உள்ளே போனேன் இல்லையா, அப்போது டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "எம் மகளுக்கு இது வருங்களா?" அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "பெரும்பாலும் வராதும்மா" என்றார்.

நல்ல மனிதர், நல்லதைத்தான் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் 'வராது' என்பதை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வந்திருப்பார்கள். எனக்கு மற்ற வார்த்தைதான் ஒட்டிக்கொண்டது.

நேற்று தேனு சாயங்காலம் வரை ஓட்டிவிட்டு வந்தாள். முகமெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் சிரிப்பு. வண்டியை நிறுத்திவிட்டு இடது கையை உதறிக்கொண்டே படியேறினாள்.

"கை ரொம்ப வலிக்குதும்மா."

மாவு பிசைந்துகொண்டிருந்த நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பினேன். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திப் பார்த்தேன். என் கையிலிருந்த மாவு அவள் கையில் ஒட்டியது.

"என்னம்மா பாக்குற?"

"ஒண்ணுமில்ல. வெயில்ல கறுத்துட்ட" என்றேன்.